குண்டு செய்யும் திறனும் குண்டு செய்யும் முடிவும்: ஈரான் செய்திகளை எப்படிப் படிப்பது?

"ஈரான் இதோ சில மாதங்களில் அணுகுண்டு செய்துவிடும் என்று 30 வருடமாகச் செய்தி வருகிறதே, இதில் எதை நம்புவது? மேற்கத்திய ஊடகங்கள் திட்டமிட்டுப் பொய் சொல்கின்றனவா? அப்படியென்றால் ஈரானின் பிரஸ் டிவி சொல்வதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உட்கார்ந்து, செய்தி முகமைகள் அனுப்புவதைத் தமிழில் எழுதிக்கொடுப்பதையே வருடக்கணக்கில் தொழிலாகச் செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பச்சைப் பொய் அபூர்வம். ஒரு நாட்டிடம் குண்டு செய்யும் திறன் இருக்கிறது என்பது ஒன்று. அந்த நாடு குண்டு செய்ய முடிவெடுத்துவிட்டது என்பது இன்னொன்று. ஈரான் அணுசக்தி பற்றிய மொத்தச் சண்டையும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நடக்கிறது. நிபுணர் அறிக்கையில் பத்திக்குப் பத்தி இருக்கும் அந்த இடைவெளி, தலைப்பாகி நம் கைக்கு வந்து சேருவதற்குள் காணாமல் போய்விடுகிறது. ஊடகச் சார்பு என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

கொஞ்சம் அறிவியல் பேசினால்தான் இது புரியும். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மின்சாரம் தயாரிக்கும் உலைக்கு 3 முதல் 5 சதவீதம் இருந்தால் போதும். குண்டுக்கு 90 சதவீதம் அளவில் வேண்டும். இந்த ஏணியில் கீழ்ப்படிகள்தான் கடினம். 20 சதவீதத்தைத் தொடும்போதே குண்டுத் தரத்துக்கான உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிடுகிறது. 60 சதவீதத்தில் மிச்சமிருப்பது சொற்பம். 2025 ஜூனில் இஸ்ரேல் தாக்குதல் தொடங்கிய நேரத்தில் ஈரானிடம் 60 சதவீதச் செறிவுள்ள யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்தது என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. அதே தரத்தில் 42 கிலோ இருந்தாலே, மேலும் செறிவூட்டினால் ஒரு குண்டுக்குப் போதும் என்பது முகமையின் அளவுகோல். இதை அபாயம் என்று எழுதுவதில் எந்த மிகையும் இல்லை. அந்த நேரத்தில் அணு ஆயுதம் இல்லாத வேறெந்த நாடும் 60 சதவீதம் வரை செறிவூட்டவில்லை.

ஆனால் செய்திகளில் அடிக்கடி வரும் 'பிரேக் அவுட்' காலம் என்பது எதை அளக்கிறது? ஒரு குண்டுக்குத் தேவையான 90 சதவீத யுரேனியம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும். அது கைக்கு வரும்போது வாயு வடிவச் சேர்மமாக உருளையில் இருக்கும். அதை உலோகமாக்க வேண்டும், கச்சிதமான வடிவில் கடைய வேண்டும், சுற்றிலும் வெடிமருந்தை நுண்ணிய நேரக் கணக்கில் ஒரே சமயத்தில் வெடிக்கும்படி அமைக்க வேண்டும், பிறகு ஏவுகணையின் முனைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். அதற்கெல்லாம் மாதங்கள் ஆகும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம் என்பது நிபுணர்களின் பொதுவான கணிப்பு. இவை அனைத்துக்கும் முன்னால், செய் என்று ஒருவர் உத்தரவிட வேண்டும். வீட்டில் அரிசி இருப்பதும் உலையில் சோறு கொதிப்பதும் ஒன்றல்லவே. ஆனால் 'பிரேக் அவுட் ஒரு வாரம்' என்று அறிக்கையில் இருப்பது, 'ஒரு வாரத்தில் குண்டு' என்று தலைப்பில் ஆகிவிடுகிறது.

இப்படி எழுதப்பட்ட கெடுக்களின் வரலாறு நீளமானது. 1992-இல் இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நெதன்யாகு, ஈரான் 3 முதல் 5 ஆண்டுகளில் குண்டு செய்யும் திறனைப் பெற்றுவிடும் என்றார். 20 வருடம் கழித்து, 2012 செப்டம்பரில், ஐ.நா. பொதுச் சபையில் குண்டுப் படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து அதில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார். அந்தப் படம் உலகத்தின் எல்லா முதல் பக்கங்களிலும் வந்தது. அதற்குச் சில வாரங்களில் இஸ்ரேலின் மொசாட் தென்னாப்பிரிக்க உளவுத்துறைக்கு அனுப்பிய ரகசியக் குறிப்பில், ஆயுதம் செய்யத் தேவையான வேலைகளை ஈரான் இந்தக் கட்டத்தில் செய்யவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு அல் ஜசீரா, கார்டியன் வழியாக 2015 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. படத்துக்குக் கிடைத்த இடத்தில் சிறு பங்குகூட அந்தக் குறிப்புக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்க உளவுத்துறைகளும் 2007 டிசம்பரில் பகிரங்கமாகவே சொல்லியிருந்தன: ஈரான் தன் அணு ஆயுதத் திட்டத்தை 2003-இன் இலையுதிர் காலத்தில் நிறுத்திவிட்டது என்று உறுதியாகக் கருதுகிறோம் என்று. இந்த வாக்கியத்தின் இரண்டு பக்கங்களையும் கவனியுங்கள். 2003 வரை ஆயுதத் திட்டம் இருந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது. ஈரானுக்காகப் பரிந்து பேசுபவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஈரான் மீது போர் கேட்பவர்கள் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்.

பெரிய பத்திரிகைகள் எங்கே சறுக்கின என்பதற்கு அவற்றின் உள்ளேயே சாட்சி இருக்கிறது. 2011 நவம்பரில் சர்வதேச அணுசக்தி முகமை வெளியிட்ட அறிக்கை, 2003-க்கு முன்பு ஒழுங்கமைந்த ஆயுத ஆய்வு நடந்தது, அதில் சில வேலைகள் பிறகும் தொடர்ந்திருக்கலாம் என்று அளந்து பேசியது. 2012 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் செய்தி ஒன்று, ஈரான் திட்டத்துக்கு ராணுவ நோக்கம் இருப்பதாக முகமை மதிப்பிட்டுவிட்டது என்று போகிற போக்கில் எழுதியது. வாசகர்கள் புகார் செய்தார்கள். அப்பத்திரிகையின் வாசகர் பிரதிநிதியாக இருந்த ஆர்தர் பிரிஸ்பேன் விசாரித்துவிட்டு, வாசகர்கள் சொல்வதுதான் சரி என்று எழுதினார். அதற்கு ஒரு மாதம் முன்பு வாஷிங்டன் போஸ்ட்டில் அதே பதவியில் இருந்த பேட்ரிக் பெக்ஸ்டனும் அதையே செய்தார்: ஈரான் அணு ஆயுதத்தைத் தேடி அலைகிறது என்ற பொருளில் இருந்த ஒரு படத்தொகுப்பின் தலைப்பு, கையில் உள்ள ஆதாரத்தைத் தாண்டிப் போகிறது என்றார். இன்று அந்த இரண்டு பதவிகளுமே இல்லை. போஸ்ட் 2013-இலும், டைம்ஸ் 2017-இலும் அவற்றை எடுத்துவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பத்திரிகைக்குள் உட்கார்ந்துகொண்டு பத்திரிகையைக் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார், இப்போது இல்லை.

இன்னொரு சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 2012 நவம்பர் கடைசியில் ஏபி செய்தி முகமை ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ஹிரோஷிமா குண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிய குண்டு வெடிப்பதை ஈரான் விஞ்ஞானிகள் கணினியில் கணக்கிட்டதற்கு இது ஆதாரம் என்றது செய்தி. வரைபடத்தைக் கொடுத்தது யார்? ஈரானின் அணுத் திட்டத்தை விமர்சிக்கும் ஒரு நாட்டின் அதிகாரிகள். எந்த நாடு என்று சொல்லப்படவில்லை. இரண்டு இயற்பியலாளர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆற்றலைக் காட்டும் கோடும், அந்த ஆற்றல் எவ்வளவு வேகத்தில் வெளிப்படுகிறது என்பதைக் காட்டும் கோடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிழை ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. அப்படியொரு பிழை உள்ள தாள் எதை நிரூபிக்கும்? ஆனால் செய்தி அதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஏபி செய்தியை வாங்குகிற எந்த ஊர்ப் பத்திரிகையிலும் இயற்பியல் கணக்குப் போட ஆள் இல்லை, போட நேரமும் இல்லை. செய்தி முகமை அனுப்பினால் அது செய்தி, அவ்வளவுதான்.

பெயர் சொல்லாத அதிகாரி என்ற இந்த வழிமுறை எவ்வளவு ஆபத்தானது என்பது ஈராக்கில் தெரிந்தது. 2002 செப்டம்பர் 8 அன்று, சதாம் உசேன் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கானவை என்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது, அரசு அதிகாரிகள் தந்த தகவல். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சிக்கு வந்து, டைம்ஸே எழுதியிருக்கிறது என்று அதை மேற்கோள் காட்டினார். அரசு சொன்னதைப் பத்திரிகை எழுத, பத்திரிகை எழுதியதை அரசு ஆதாரமாகக் காட்டியது. 2004 மே மாதம் அந்தப் பத்திரிகை தன் ஈராக் செய்திகள் போதிய கடுமையோடு சோதிக்கப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. போர் அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் பாடம் முழுதாகப் படிக்கப்படவில்லை. 2009-இலிருந்து 2012 வரை ஆறு அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளின் ஈரான் செய்திகளை மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அரசு அதிகாரிகளின் பார்வைக்கே அதிக இடம், அணுத் திட்டத்தின் தொழில்நுட்ப விஷயங்களில் துல்லியக் குறைவு என்பதே அவர்கள் கண்டதன் சாரம்.

அடுத்தது, கதையை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பது. 2019 ஜூலையில் 'ஈரான் ஒப்பந்தத்தை மீறியது' என்று எங்கும் தலைப்பு. 300 கிலோ என்ற கையிருப்பு வரம்பைத் தாண்டியது உண்மைதான். ஆனால் ஈரானின் அணுத் திட்டத்துக்கு வரம்பு வைத்து, பதிலுக்குத் தடைகளை நீக்க 2015-இல் ஈரானும் வல்லரசுகளும் போட்ட அந்த ஒப்பந்தத்திலிருந்து 2018 மே 8 அன்று அமெரிக்காதான் முதலில் வெளியேறியது. அதுவரை ஈரான் விதிகளின்படி நடக்கிறது என்று அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அறிக்கைக்கு மேல் அறிக்கை தந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கா வெளியேறியதையும் தடைகளை மீண்டும் போட்டதையும் முதல் பத்தியில் சொன்னால் ஒரு கதை, 11-ஆம் பத்தியில் சொன்னால் வேறு கதை. இன்னும் பின்னால் போனால், மேற்கத்திய வாசகருக்கு ஈரான் 1979-இல் அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள் பிடிக்கப்பட்டதோடு தொடங்குகிறது. ஈரானியருக்கு அது 1953 ஆகஸ்டில், எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாடெக்கை சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் கவிழ்த்ததில் தொடங்குகிறது. சிஐஏ தன் பங்கை வெளியிட்ட ஆவணங்களில் ஒப்புக்கொள்ளவே 2013 ஆனது. அணுத் திட்டமும் அப்படியே. மன்னர் ஷா காலத்தில் 1957-இல் ஒப்பந்தம் போட்டு, 1967-இல் டெஹ்ரானில் 5 மெகாவாட் ஆய்வு உலையைத் தந்தது அமெரிக்காதான். புஷேர் மின் நிலையத்தை 1975-இல் கட்டத் தொடங்கியது மேற்கு ஜெர்மானிய நிறுவனம்.

புஷேர் என்றதும் படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரானின் குண்டு பற்றிய செய்திகளுக்கு மேலே அந்த உலையின் குவிமாடம் படமாக வருவதை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். புஷேர் ரஷ்யா முடித்துக்கொடுத்த 1000 மெகாவாட் விவிஇஆர் வகை உலை, 2011 செப்டம்பரில் மின் இணைப்பில் சேர்ந்தது. நம் கூடங்குளத்தில் ஓடுவதும் அதே குடும்பம்தான். எரிபொருளை ரஷ்யா தருகிறது, எரிந்து முடிந்ததை ரஷ்யா திரும்ப எடுத்துக்கொள்வது ஏற்பாடு. உலக நாடுகளின் கவலை நதான்ஸிலும் ஃபோர்டோவிலும் நிலத்தடியில் சுழன்ற, யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்கள் பற்றியது. அவற்றுக்குப் பார்க்கத் தகுந்த படம் கிடையாது. குவிமாடம் பார்க்க மிரட்டலாக இருக்கிறது, அதனால் அது வருகிறது.

2025-இல் நடந்தது இதற்கெல்லாம் உச்சம். மார்ச் 25 அன்று அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் துளசி கப்பார்ட் செனட் குழுவின் முன் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஈரான் அணு ஆயுதம் செய்யவில்லை, 2003-இல் நிறுத்திய திட்டத்துக்கு உச்சத் தலைவர் காமனெயி மீண்டும் அனுமதி தரவில்லை என்பதே உளவுத்துறைகளின் மதிப்பீடு. இரண்டு, ஈரானின் செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு ஆயுதம் இல்லாத ஒரு நாட்டுக்கு இதுவரை இல்லாத அளவில் இருக்கிறது. ஒரே சாட்சியம்தான். ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்கியபோது ஒரு தரப்புத் தொலைக்காட்சிகள் முதல் பாதியை மட்டும் ஓட்டின, இன்னொரு தரப்பு இரண்டாம் பாதியை மட்டும். டிரம்ப், கப்பார்ட் என்ன சொன்னார் என்பது எனக்கு முக்கியமில்லை என்றார். சில நாட்களில் கப்பார்ட்டே தன் சொற்களை ஊடகங்கள் திரித்துவிட்டதாகச் சொல்லி, ஈரானால் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆயுதம் செய்ய முடியும் என்றார். அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோஸி, அணு ஆயுதத்தை நோக்கி ஒழுங்கமைந்த முயற்சி நடப்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்று போர் நடந்துகொண்டிருக்கும்போது சிஎன்என்னிடம் சொன்னார். ஜூன் 22 அன்று அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹானில் குண்டு போட்டது. கப்பார்ட்டின் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுதான் நமக்குத் தெரிந்தது, இதற்குப் போர் தேவையா என்று கேட்ட செய்திகள் இருந்தன. ஆனால் அவை சத்தத்தில் அமுங்கிப்போயின.

சொல்லாமல் விடுவதும் சார்புதான். இஸ்ரேல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. டிமோனா என்ற இஸ்ரேலிய அணு நிலையம் பற்றி, அங்கே வேலை செய்த வனுனு 1986-இல் சண்டே டைம்ஸுக்குச் சொன்னதிலிருந்து உலகத்துக்குத் தெரியும், அவர்களிடம் சுமார் 90 அணுகுண்டுகள் இருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் மதிப்பீடு. ஈரான் கையெழுத்திட்ட நாடு, அதனால்தான் ஆய்வாளர்கள் அங்கே போக முடிந்தது. இந்த இரண்டு வரிகள் ஈரான் செய்திகளில் எவ்வளவு அரிதாக வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள். தடைகளால் சாதாரண மக்கள் பட்ட பாடும் அப்படித்தான். காகிதத்தில் மருந்துக்கு விலக்கு உண்டு. ஆனால் வங்கிகள் பயந்து பணப் பரிமாற்றத்துக்கு மறுத்துவிட்டன. தோல் கொப்பளித்து உரியும் பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கான ஐரோப்பியக் கட்டுத்துணிகூட வராமல் போனதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019-இல் ஆவணப்படுத்தியது. சென்ட்ரிஃபியூஜ் எண்ணிக்கை அளவுக்கு இது யாருக்கும் தலைப்பாகத் தெரியவில்லை.

அரசியல் செய்திகளுக்கு வருகிறேன். இங்கே ஈரான் அரசின் பங்கு பெரிது. வாஷிங்டன் போஸ்ட்டின் டெஹ்ரான் நிருபர் ஜேசன் ரெசாயனை 2014 ஜூலையில் பிடித்து 2016 ஜனவரி வரை சிறையில் வைத்தார்கள். அப்படிச் செய்தால் எந்தப் பத்திரிகை ஆள் அனுப்பும்? துபாயிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதுகிறார்கள். இருக்கிற சொற்ப நிருபர்களும் வடக்கு டெஹ்ரானில் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம்தான் அதிகம் பேச முடிகிறது. அந்த வெற்றிடத்தில் வெளிநாட்டுப் பாரசீகச் சானல்கள் நுழைகின்றன. லண்டனில் 2017-இல் தொடங்கிய ஈரான் இன்டர்நேஷனலுக்குச் சவூதிப் பணம் வருகிறது என்று கார்டியன் 2018-இல் எழுதியது, எந்த அரசோடும் தொடர்பில்லை என்கிறது சானல். அதே சானலின் தொகுப்பாளர் ஒருவர் 2024 மார்ச்சில் லண்டனில் கத்தியால் குத்தப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு ஊடகத்தின் பணத்தைச் சந்தேகிப்பதால் அதன் ஊழியருக்கு நேரும் கொடுமை சிறியதாகிவிடாது.

தேர்தல் வந்தால் சீர்திருத்தவாதி, கடும்போக்காளர் என்று இரண்டு பெட்டி. 2024-இல் அதிபர் தேர்தலுக்குப் பெயர் கொடுத்த 80 பேரில் 6 பேரைத்தான் காவலர் மன்றம் அனுமதித்தது. முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் சுமார் 40 சதவீதம், பெசெஷ்கியான் வென்ற இரண்டாம் சுற்றில் சுமார் 50. வீட்டிலேயே இருந்த அந்தப் பாதி ஏன் வரவில்லை, மற்றப் பாதி அந்த ஆறு பேரில் என்ன வேறுபாடு கண்டது என்பதுதான் உண்மையான செய்தி. இரண்டு பெட்டிக்குள் அது அடங்காது. ஆட்சியை வெறுக்கும் ஒருவரே தன் ஊர்மேல் குண்டு விழுவதையும் வெறுக்கலாம் என்பதை 2025 ஜூனில் பல தொலைக்காட்சிகளால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சரி, பிரஸ் டிவி? தயவுசெய்து அந்தப் பக்கம் சாயாதீர்கள். ஈரானில் வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் ஏகபோகம், பிரஸ் டிவி அதன் ஆங்கிலக் கிளை. 2020 ஜனவரி 8 அன்று உக்ரைன் பயணிகள் விமானத்தைப் புரட்சிக் காவல் படை சுட்டு வீழ்த்தி 176 பேர் இறந்தார்கள். மூன்று நாள் தொழில்நுட்பக் கோளாறு என்றே சாதித்தார்கள். ஈரானுக்குள் இருந்து சில தொகுப்பாளர்களே அரசுத் தொலைக்காட்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். அணு விஷயத்திலும் மறைத்தது உண்டு: நதான்ஸ் 2002-இல் எதிர்ப்புக் குழு ஒன்று வெளியிட்ட பிறகே உலகுக்குத் தெரிந்தது, ஃபோர்டோ 2009-இல் மேற்கத்திய நாடுகள் கண்டுபிடித்துவிட்டன என்று தெரிந்த பிறகே முகமைக்குச் சொல்லப்பட்டது. அறிவிக்கப்படாத இடங்களில் கிடைத்த யுரேனியத் தடயங்களுக்கு நம்பத்தகுந்த விளக்கம் தரவில்லை என்று முகமை திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

ஈரானிலிருந்து நம்பத்தகுந்த செய்தி வருகிறது என்றால் அது நிலூஃபர் ஹமெதி, எலாஹே முகமதி போன்ற ஈரானிய நிருபர்களிடமிருந்துதான். 2022 செப்டம்பரில், ஹிஜாப் விதிக்காகக் காவலர்கள் பிடித்துச் சென்ற மாசா அமினி என்ற இளம்பெண் மருத்துவமனையில் கிடந்ததை ஷர்க் பத்திரிகைக்காக வெளியே கொண்டுவந்தவர் ஹமெதி. சக்கெஸ் ஊரில் நடந்த இறுதிச் சடங்கை ஹம்-மிஹன் பத்திரிகைக்காக எழுதியவர் முகமதி. இருவரும் ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள், அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்ததாக அவர்கள்மேல் குற்றச்சாட்டு. மேற்கத்திய ஊடகத்தின் சார்பைப் பற்றிப் பேசும் யாரும் இவர்களை மறந்துவிட்டுப் பேசக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, தமிழில் படிக்கும்போது. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு டெஹ்ரானில் ஆள் கிடையாது. ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, ஏபி, பிடிஐ அனுப்புவதுதான் நம் செய்தி. 800 சொல்லில் வருவதை 120 சொல்லில் முடிக்க வேண்டும், மணி இரவு 11. மேலே உள்ள மூன்று பத்தியை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். 'ஆயுதம் செய்ய முடிவெடுத்ததற்கு ஆதாரமில்லை' என்ற வரி பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது பத்தியில் இருக்கும், அது வெட்டுப்படும். செய்தி முகமை அனுப்பியதில் ஓரமாகவாவது இருந்த இடைவெளி தமிழில் முழுக்கப் போய்விடுகிறது. இந்தியாவும் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 2005 செப்டம்பரிலும் 2006 பிப்ரவரியிலும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆட்சிக்குழுவில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது, அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நிறுவனம் 1965-இல் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தையும் பங்குதாரராக வைத்துத் தொடங்கப்பட்டது என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

எனவே உங்களுக்கு என் யோசனை: ஈரான் பற்றி ஒரு பரபரப்பான செய்தி பார்த்தால், செய்தி முகமை ஆங்கிலத்தில் அனுப்பிய அதே செய்தியைத் தேடி எடுத்துக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். தகவல் தந்தவர் யார், அவருடைய நாடு எது என்று பாருங்கள். அணுசக்தி முகமையின் அறிக்கைகள் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன, பல அறிக்கைகள் சில பக்கங்கள்தான், எத்தனை கிலோ எத்தனை சதவீதம் என்று நேராகவே சொல்லியிருப்பார்கள். அதில் 'முகமையால் சரிபார்க்க முடியவில்லை' என்று வரும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித் தலைப்பு ஈரான் செய்துவிட்டது என்று சொல்லும் இடமும் பிரஸ் டிவி ஒன்றுமே இல்லை என்று சொல்லும் இடமும் பெரும்பாலும் அந்த வரிகள்தான்.